இரண்டாவது தட்டு

புருல்சா வலது உள்ளங்கையைச் சமையலறைக் குழாயின்மேல் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இடது கன்னத்தில் உப்புத் தயிர் உருண்டை ஒன்று அடங்கியிருக்கிறது. எதிரே கிண்ணத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. நான் பேச வாயெடுத்தால் ஒரு விரல் மட்டும் உயர்கிறது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்க்கட்டடம் இன்னும் அங்கேதான் நிற்கிறதா என்று சொல்ல முடியாது. குழாய் பேசாமல் இருக்கிறது. அவளும் பேசாமல் இருக்கிறாள்.

வெகுநேரம் கழித்து, எங்கோ மேலே, இரும்பில் ஏதோ படுகிற சின்ன ஓசை. எனக்கு அது கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. அவள் கையை எடுத்து, உருண்டையை மறுகன்னத்துக்குத் தள்ளி, ஆறிய தேநீரை ஒரே மடக்காகக் குடிக்கிறாள்.

"ஸ்லாவா. மோதிரத்தால தட்டறான். பொழைச்சுக் கெடக்கான். இப்போ சொல்லு சபீரா, என்னமோ கேக்க வந்தியே?"

எங்கள் ஊரான சாரி-கிர்ரில் சுரங்கம் மூடியபின் பாதிப்பேர் போய்விட்டார்கள். சுரங்கத்தைத் தொடர்ந்து, வீடுகளைச் சூடாக்க வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையமும் மூடிக்கொண்டது. இந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் வெந்நீர்க் குழாய்களில் அன்றிலிருந்து வெந்நீரும் இல்லை, தண்ணீரும் இல்லை. குளிருக்கு ஆளுக்கொரு அடுப்பு வைத்துப் புகைபோக்கியை ஜன்னல் வழியே வெளியே நீட்டியிருக்கிறோம். காலி வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாய் விறகாகிவிட்டன. மாடிப்படி ஏறும்போது இருபுறமும் கதவில்லாத வாசல்கள், உள்ளே இருட்டு. குழாய்கள் மட்டும் சுவருக்குச் சுவர், தளத்துக்குத் தளம் அப்படியே ஓடுகின்றன. உள்ளே ஒன்றுமில்லாததால் எல்லாவற்றையும் சுமந்து வருகின்றன. ஐந்தாம் மாடி இருமல் என் தையல் மேசைக்கு வரும். யாரோ அழுதால் யாரென்று தெரியாமல் அழுகை மட்டும் வரும். என் தையல் விரல்பூண் குழாயின்மேல் இருந்தால் சில நேரம் தானாக நடுங்கும். கீழே சுரங்கத்தில் சிக்கியவர்கள் தட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கின்றன.

தட்டுகிறவர்கள் சுரங்கத்தில் இல்லை. எங்களோடுதான் குடியிருக்கிறார்கள்.

புருல்சா கொதிகலன் நிலையத்தில் வேலை பார்த்தவள். எந்தக் குழாயில் காற்று அடைத்திருக்கிறது, எங்கே கசிகிறது என்று காது வைத்துச் சொல்கிற வேலை. நிலையம் மூடியபின், ஓஷ் நகரத்திலிருந்து வந்த ஓர் அமைப்பு அவளுக்கு வேறொரு வேலை கொடுத்தது. ஹெராயின் போட்டுக்கொள்கிறவர்களுக்குப் புது ஊசி தருவது, பழையதை வாங்கிக்கொள்வது, மூச்சு நின்றுபோகிறவனுக்கு அதை மீட்கிற நலோக்சோன் மருந்தைக் குத்துவது, கூடவே உட்கார்ந்து பேசுவது. கடைசி வேலைக்கு அமைப்பு வைத்திருக்கும் பெயர் ஆலோசனை. புருல்சாவின் வாயில் அது "அரட்டை".

அந்த அரட்டையில் 'விட்டுவிடு' என்ற சொல் கிடையாது. சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரிதான் கேட்பாள். எவ்வளவு போட்டே? யாரோட போட்டே? சாராயமும் குடிச்சியா? "ரெண்டும் ஒண்ணா உள்ள போனா ஒடம்பு மூச்சு விடறதையே மறந்துடும்டா. நீ போடறதை நான் புடுங்கல. மறக்காம மூச்சு விடு, அது போதும்." ஒருவன் தானாகவே "எனக்கு நிறுத்தணும்க்கா" என்று வந்தால் மட்டும் ஓஷ் வைத்தியசாலைக்குப் பேருந்து ஏற்றிவிடுவாள். திரும்பி வந்து மறுபடி போட ஆரம்பித்தால் முகம் சுளிக்காமல் புது ஊசி கொடுப்பாள்.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். போலீஸ்காரரிடம், "சம்பளம் வருதுங்க." முல்லாவிடம், "நன்மை சேருமேன்னுதான்." என்னிடம், "எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது." சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலையில் முக்கால்வாசி என்று நான் சொன்னபோது, "அதான் கத்துக்கறேன்" என்றாள்.

தனியாகப் போட்டுக்கொள்கிறவன்தான் சாகிறான். கூட ஆள் இருந்தால் நீலமாகும் உதட்டைப் பார்த்து ஓடிவந்து சொல்வான். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் தனித்தனியாகத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் அவள் அவர்களிடம் கேட்டுக்கொண்டது இரண்டே காரியம். கதவைத் தாழிடாதே. போடும் முன்னால் குழாயில் ஒரு தட்டு, போட்டபின் தெளிவாக இருந்தால் இன்னொரு தட்டு. இரண்டாவது தட்டு வரவில்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு படியேறுவாள். ஸ்லாவா மோதிரத்தால் தட்டுவான். ரைசா சிகரெட் லைட்டரால். நாலாம் மாடி குபாத் அலுமினியக் கரண்டியால். அது கொஞ்சம் மொண்ணையான ஓசை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருநாள் ஸ்லாவாவை மூச்சில்லாமல் கண்டு, ஊசி குத்தி எழுப்பினாள். கண் விழித்தவன் அவளையும் அவள் பரம்பரையையும் வசைபாடியது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "போதை எறங்கிப்போன கோவம். திட்டினா நல்ல சேதி. திட்டறதுக்கு மூச்சு வேணுமே" என்றாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

குபாத்தின் தாய் அனார்கானுக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் கைமுட்டி அளவு பூட்டொன்றைச் சந்தையில் வாங்கிக்கொண்டு படியேறினாள். புருல்சா தன் வாசலில் நின்றிருந்தாள். நான் மேலே என் வாசலில்.

"பூட்டப் போறியாக்கா?"

"என் வீடு, என் பிள்ளை, என் பூட்டு."

"பூட்டு, வேணாங்கல. ஒரு சாவி எங்கிட்ட குடுத்து வை."

"ஊசி குடுக்கறவகிட்ட சாவியும் குடுக்கணுமா? உன் வயித்துல பொறந்ததா இருந்தா இப்படி எடுத்துக் குடுப்பியாடி?"

"குடுப்பேன். புதுசா பாத்துக் குடுப்பேன்."

அனார்கான் படியில் துப்பினாள். புருல்சா அந்த எச்சிலைத் தாண்டி இரண்டு படி ஏறி நின்றாள்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க. உள்ள கெடந்தா அவன் ஒடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகும். நல்லதுதான். ஆனா அப்புறம் ஒருநாள் பழைய அளவைப் போட்டான்னா எந்திரிக்க மாட்டான். அதை அவங்கிட்ட சொல்லு. உன்னால முடியலன்னா நான் கதவுக்கு வெளிய நின்னு சொல்லிட்டுப் போறேன்."

"என் பிள்ளை இனிமே போட மாட்டான்!"

அனார்கான் சந்தைக்குப் போகிற நேரங்களில் புருல்சா மேலே போவாள். பூட்டிய கதவில் வாய் வைத்து, "குபாத், எது கெடைச்சாலும் பாதி. அந்தப் பாதியிலயும் பாதி. கேக்குதா?" என்பாள். உள்ளிருந்து, "அக்கா, இங்க உருளைக்கெழங்கு மட்டும்தான் கெடைக்குது. அதையும் பாதி பண்ணிடவா?" என்று குரல் வரும்.

முதல் நாட்களில் அவன் ஊளையிட்டது குழாய் வழியே எல்லா வீட்டுக்கும் வந்தது. நான் என் பக்கத்துக் குழாயில் கம்பளியைச் சுற்றி வைத்தேன். பிறகு ஊளை அடங்கியது. முகத்தில் சதை பிடித்தது. பால்கனியில் நின்று கீழே போகிறவர்களைக் கேலி செய்ய ஆரம்பித்தான். அனார்கான் புருல்சாவை வழிமறித்து, "பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்க்கா. நல்லா இருக்கான்." அதை அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

பனி விழத் தொடங்கியிருந்த ஒரு நண்பகல். நான் புருல்சாவின் சமையலறையில் அவளுடைய கோட்டுக்கு உள்துணி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். குழாயில் மொண்ணையான ஓர் ஓசை. அவள் திரும்பிக் குழாயைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக வராத கரண்டி. யாரோ சிநேகிதன் பால்கனிக் கயிற்றில் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறான் என்பது பிற்பாடு தெரிந்தது. அவள் உள்ளங்கையைக் குழாயில் வைத்தாள். நான் அளவுநாடாவைப் பிடித்தபடி நின்றேன். கன்னத்தில் உருண்டை அசையவில்லை. பிறகு அவள் எழுந்தாள். பை அவள் கையில் இருந்தது, செருப்பு காலில் இல்லை.

நாலாம் மாடியில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஸ்லாவா கோடரி தேடி ஓடினான். பூட்டு அசையவில்லை, கதவின் பலகையைத்தான் பிளக்க முடிந்தது. குபாத் குழாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் ஊசி குத்தினாள், மறுபடி குத்தினாள், அவன் வாயில் தன் வாயை வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். ஸ்லாவா அவள் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினாள். அப்போது அனார்கான் வெங்காயப் பையுடன் வாசலில் வந்து நின்று, "யாரு என் கதவை ஒடச்சது?" என்றாள்.

அடக்கம் முடிந்தபின் அனார்கான் பக்கத்துத் தெருவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். யாரோ பிளந்த கதவில் ஒட்டுப்பலகை அடித்துச் சாத்தினார்கள். புருல்சா அதைப் பற்றிப் பேசியது ஒரே தடவை. "பூட்டியிருக்குன்னு தெரியும் அவனுக்கு. தெரிஞ்சும் தட்டினான் பாரு" என்றாள்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து கொஞ்ச நாளில் அது ஆரம்பித்தது.

பட்டப்பகல். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நான் ரொட்டிக்குக் காத்திருந்தேன். குழாயில் மொண்ணையான ஒரு தட்டு. பிசைந்த கை அப்படியே நின்றது. கரண்டி. மேலேதான். நாலாம் மாடியில்தான். நாங்கள் இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தோம், வரவில்லை.

"வெறும் காத்து" என்றாள் புருல்சா. மாவுக்கையைக் குழாயில் வைக்கவில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். எப்போதும் பகலில், படிக்கட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில். ஒரே தட்டு, பிறகு ஒன்றுமே இல்லை. கட்டடம் முழுக்கப் பேச்சு. முல்லாவைக் கூட்டிவந்து மாடிப்படியில் ஓதச் சொன்னார்கள். அவர் ஓதிக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு தட்டு கேட்டது. மிச்சத்தை விறுவிறுவென்று முடித்துக்கொண்டு தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் என் தையல் இயந்திரத்தைக் குழாயில்லாத அறைக்கு நகர்த்திக்கொண்டேன்.

புருல்சா நகரவில்லை. ஆனால் மேலே போகவும் இல்லை. வேறு யார் ஒரு தட்டோடு நிறுத்தினாலும் படியேறுகிறவள், கரண்டி ஓசை வந்தால் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். உருண்டையைக்கூட அந்த நாட்களில் வாயில் போடவில்லை.

ஸ்லாவா வந்து வாசலிலேயே நின்றான். "அக்கா, இனிமே நான் தட்ட மாட்டேன்."

"ஏன்டா?"

"நான் தட்டினா அவன் பதிலுக்குத் தட்டறான். நேத்து தட்டினேன், ஒடனே கரண்டி. வா வான்னு கூப்பிடறான்க்கா."

"அவன் எதுக்குடா உன்னைக் கூப்பிடறான்? உயிரோட இருந்தப்பவே உன் மூஞ்சியப் பாத்தா ஓடுவான்."

ஸ்லாவா சிரிக்கவில்லை. ரைசாவும் லைட்டரைப் பையில் போட்டுக்கொண்டாள். குழாய்கள் ஊமையாயின, அந்தக் கரண்டி ஒன்றைத் தவிர. சுவருக்கு அப்பால் அவர்கள் இருப்பது தெரியும். எப்போது போட்டுக்கொள்கிறார்கள், எழுந்தார்களா என்பது தெரியாது. புருல்சா நாளெல்லாம் படியேறி இறங்கி ஒவ்வொரு கதவாய்த் திறந்து பார்த்தாள். எத்தனை முறைதான் ஏற முடியும்?

ஒரு பிற்பகல் ரைசா கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். ஸ்லாவா தட்டாமல் போட்டுக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நீல உதட்டுடன் கிடந்தான். புருல்சா குத்தினாள், ஊதினாள், கன்னத்தில் அறைந்தாள். ஒருவழியாய் மூச்சு திரும்பியது. இந்த முறை அவன் திட்டவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதான். அந்த அழுகையை அவளால் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"சபீரா, மேல வா."

"எங்கே?"

"நாலாம் மாடிக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? போனவன் வீட்டுக்கா?"

"செத்தவன் தட்டினாலும் போய்ப் பாக்கணும்டி. நான் போகலன்னா உயிரோட இருக்கறவன் தட்ட மாட்டான்."

பையையும் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. படிக்கட்டு ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்திருந்தது. மூன்றாம் மாடியில் அவள் முதுகு எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போதே தட்டு கேட்டது. இவ்வளவு பக்கத்தில் அதைக் கேட்டதில்லை. என் பல்லில் கேட்டது.

ஒட்டுப்பலகை அடித்த கதவு சாத்தியிருந்தது. புருல்சா அதைத் தள்ளவில்லை. விரல் மடக்கி, விருந்துக்கு வந்தவள்போல மெல்லத் தட்டினாள்.

"குபாத்?"

உள்ளிருந்து ஒரு குரல், வறண்ட குரல்.

"அவன் இல்ல."

நான் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டேன்.

"அவன் இல்ல. நான் இருக்கேன்."

கதவைத் திறந்தோம். வெறும் தரையில், குழாயை ஒட்டி, மகன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அனார்கான் உட்கார்ந்திருந்தாள். கோட்டும் தலைத்துணியும் களையவில்லை. மடியில் அலுமினியக் கரண்டி. மகளிடம் கல்லறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நாள்தோறும் இங்கே வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை.

"வந்துட்டியா" என்றாள் புருல்சாவிடம். "இத்தனை நாளா தட்டறேன். ஒருத்தரும் வரல. அன்னிக்கு அவன் தட்டினது உனக்குக் கேட்டுதுன்னு ஊர் பூரா சொன்னாங்களே, பொய்யின்னு நெனச்சேன். கீழ கேக்காது, நீ சும்மா சொல்றேன்னு நெனச்சேன். கேக்காதுன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்னுதான் தட்டினேன்."

புருல்சா பையை ஓரமாக வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கேட்டுதுக்கா. எல்லா நாளும் கேட்டுது."

"அப்ப ஏன் வரல?"

"பயந்துட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

அனார்கான் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இதுவரை பார்த்தேயிராத முகத்தைப் பார்ப்பதுபோல. பிறகு, எதற்காக இத்தனை நாள் வந்தாளோ அதைக் கேட்டாள்.

"அன்னிக்கும் கேட்டுதா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லமாட்டாளா என்று நான் புருல்சாவைப் பார்த்தேன். யாரிடமும் தேன் தடவிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கையை நீட்டி அனார்கானின் முழங்காலைப் பற்றிக்கொண்டாள்.

"கேட்டுது. ஓடி வந்தேன். பூட்டு இருந்தது."

"பூட்டு இருந்தது" என்று அனார்கான் திருப்பிச் சொன்னாள். வெளிச்சம் மங்கும்வரை அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் இடையில் போய்த் தேநீர் கொண்டுவந்தேன்.

மறுநாளே ஸ்லாவாவை நாலாம் மாடிக்கு இழுத்துப்போய்க் காட்டினாள் புருல்சா. "இதான்டா உன் பேய். வெங்காயம் விக்கற கிழவிகிட்ட பேரம் பேசற பேய்." அவன் பல நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மோதிரத்தால் ஒன்று தட்டினான். ரைசாவின் லைட்டரும் திரும்பி வந்தது. ஆனாலும் நான் தையல் இயந்திரத்தைப் பழைய அறைக்குக் கொண்டுபோகவில்லை. அந்தக் குழாயில் வருகிற எல்லா ஓசைக்கும் ஆள் உண்டு என்று தெரிந்தபின் எனக்குப் பயம் குறையவில்லை.

வசந்தம் பிறக்கும் முன்னால் ஒருநாள் அனார்கான் கீழே வந்தாள். புருல்சாவின் சமையலறையில் நானும் இருந்தேன். வந்தவள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"நான் மறுபடி மேல என் வீட்டுக்கே வந்துடப் போறேன். மக வீட்டுல எடமில்ல." கோட்டை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டு, "நீ நாலு தளம் ஏறி வரதுக்குள்ள நான் அஞ்சாம் மாடிக்குப் போயிடுவேன். அந்த ஊசி எப்படிக் குத்தறதுன்னு சொல்லிக்குடு."

புருல்சா கூடையிலிருந்து ஆப்பிள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். மருந்துக்குப் பதில் உப்புநீரை ஊசியில் ஏற்றிக் கொடுத்தாள். ஊசியைக் கண்டாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவள் அனார்கான். அவள் ஆப்பிளில் குத்தினாள். மறுபடியும் குத்தச் சொன்னாள் புருல்சா. ஆப்பிள் ஒழுகத் தொடங்கியதும் அதைத் தள்ளிவைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தன் தொடையில் ஓங்கித் தட்டினாள். தடித்த கம்பளிக் காற்சட்டை போட்டிருந்தாள்.

"ஆப்பிள் துடிக்காதுக்கா. ஆளு துடிப்பான். இங்க குத்து. துணியோட."

"உன்னையா?"

"என்னைத்தான். புது ஊசி எடுத்துக்க, அதுலயும் உப்புத்தண்ணியே ஏத்திக்க. கண்ணை மூடாத."

அனார்கான் புது ஊசியை எடுத்துக் கையை உயர்த்தினாள், இறக்கினாள், மறுபடி உயர்த்தினாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குத்தினாள். புருல்சாவின் கால் துள்ளியது. "அழுத்து, கடைசிவரைக்கும் அழுத்து" என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. அனார்கான் கடைசிவரை அழுத்தி, ஊசியை நேராக உருவினாள். பிறகு தரையில் மண்டியிட்டு, குத்திய இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் செய்வதுபோல, அந்தக் கம்பளித் துணியின்மேல் ஊதினாள்.